பதினேழாம் எண், இடது ஓரம்

ஈசல்மி அரங்கில் கூரை ஹீட்டர்
ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது.
அந்தப் பக்கம் அப்பாக்கள்.
இந்தப் பக்கம் நான், குறிப்பேடு,
மூடி தொலைந்த பேனா.

வெய்க்கா பொல்லானென்.
பதினெட்டாக இன்னும் நாற்பது நாள்.
கிளப் தாளில் உயரம் நூற்று எண்பத்திரண்டு,
சுவரோரம் நின்றபோது நூற்று எழுபத்தொன்பது.
அந்த மூன்று சென்டிமீட்டரை
எல்லாப் பையன்களுக்கும் இனாமாகத் தருகிறார்கள்.

முதல் மூன்று எட்டு மந்தம்.
பீரோவை நகர்த்துகிறவன் போலக் கிளம்புகிறான்.
நாலாவது எட்டிலிருந்து வேறு ஆள்,
பனி கிழிபடும் சத்தமே மாறிவிடுகிறது.
ஆனால் பெரியவர்களின் ஆட்டத்தில்
நாலாவது எட்டுவரை
யார் காத்திருக்கப்போகிறார்கள்?

மணிக்கட்டு அடி: ஏழு.
பலகையோர மோதல்: தோற்கிறான்,
தோற்றுக்கொண்டே வட்டைக் காலால்
கூட்டாளி பக்கம் தள்ளிவிடுகிறான்.
நாலு போட்டேன். அரை சேர்த்தேன்.

அறுபது நிமிடத்தில் இவன் மட்டையில்
வட்டு இருப்பது ஐம்பது நொடி.
மிச்சத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

வட்டு வருமுன் இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை,
வலத்தோளுக்கு மேல் ஒன்று,
சாலை கடக்கும் பூனை மாதிரி.
யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.
சொல்லிக்கொடுத்திருந்தால்
இவ்வளவு சோம்பலாகச் செய்யமாட்டான்.

இரண்டாம் பகுதி, நீலக்கோட்டருகே
குறுக்கே ஒரு நீண்ட பாஸ்.
இடையில் பறித்துக்கொண்டு போய்
கோல் போட்டார்கள்.
ஆறு நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
திரும்பி வந்தான்.
அதே பாஸ்.
எவனுடைய ஸ்கேட்டிலோ பட்டுச் சிதறியது.
என் பக்கத்து இருக்கைக்காரர், துர்குவிலிருந்து வந்தவர்,
பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகினார்.
கடைசி ஐந்து நிமிடம், மறுபடியும் அதே பாஸ்,
இந்த முறை மறுகரையில் ஆக்செலி இருந்தான்.
அடித்தான். கம்பத்தில் பட்டு வெளியே.

ஆக, கணக்கில் எதுவும் இல்லை.
பிடிவாதமா?
கூட்டாளி வந்துசேர இருபது நிமிடமாகும் ஓரிடத்தை
இவன் முன்பே பார்த்துவிட்டானா?
அல்லது
கையில் இருப்பதே அந்த ஒரு பாஸ்தானா?

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
சொன்னவர் ஜூன் மாதம் உறைபனி விழும்
இந்த ஊர் வயலைப் பார்த்ததில்லை.

ஆறு வருடம் முன்பு கெமியில் ஒருவனுக்கு
எட்டு போட்டேன்.
இன்று லிஃப்ட் பழுதுபார்க்கிறான்.
போன மாதம் எங்கள் கட்டடத்துக்கே வந்தான்,
விசிலடித்தபடி, கொழுத்த கன்னங்களோடு.
நான் படியேறிப் போய்விட்டேன்.

சுகேவா பெட்ரோல் நிலையம். மைனஸ் இருபத்தாறு.
கஜானி அணியின் பேருந்து புகைவிட்டு நிற்கிறது.
உள்ளே வெய்க்கா, ஈரத் தலை, கையில் அதிமதுர மிட்டாய்.
காசை எடுக்குமுன்
இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை,
வலத்தோளுக்கு மேல் ஒன்று.
இரண்டு காப்பிக் கோப்பையோடு நான் வாசலை நெருங்க,
திரும்பாமலே முழங்கையால் கதவைத் தள்ளிப் பிடித்தான்.
நன்றி என்றேன். ம் என்றான்.

காரில் விளக்கைப் போட்டேன்.
ஆட்ட அறிவு: ஆறு.
அதை அடித்து ஏழு.
பிறகு யோசித்தேன்,
கதவு யார்மீதும் வேகமாக வந்து மோதுவதில்லை,
இது சாட்சியாகாது.
பேனா மை உறைந்திருந்தது.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினேன்.
கண்ணாடிக்கு வெளியே பேருந்து
மெதுவாகக் கிளம்பியது,
முதல் மூன்று எட்டு மந்தம்.

பரிந்துரை: நாலாம் சுற்று.
கீழே, சின்ன எழுத்தில்:
மார்ச்சில் மறுபடி பார்க்கவேண்டும்.
செலவு என்னுடையது.